துப்பாத மிடறு

தடைக்காலத்தின் முப்பத்தெட்டாம் நாள்.
பாம்பன் தெற்குவாடியில் விசைப்படகுகள்
ஒன்றையொன்று உரசிக்கொண்டு சும்மா நின்றன.
கப்பலில் சமையல் வேலை பார்க்கும் கொழுந்தன் சலேத்
கைலிக்குள் சுருட்டி ஒரு பாட்டில் கொண்டுவந்தான்.
வலென்சியாவில் வாங்கியதாம்.
லேபிளில் மலை இருந்தது, கடல் இல்லை.

திறக்கத்தான் வழியில்லை.
இன்ஜின் பெட்டியிலிருந்து ஸ்குரூவும் குறடும் எடுத்து
பல் பிடுங்குகிறவர் போல
முட்டுக்கால் கொடுத்துப் பிடுங்கினார் என் வீட்டுக்காரர்.
தக்கை முழுசாக வந்தது.
தூண்டிலுக்காகும் என்று சின்னவன் எடுத்துக்கொண்டு ஓடினான்.

அவர் ஒரே மடக்கில் கவிழ்த்தார்.
"இதுக்கா இம்புட்டுத் தூரம்?
புளிச்ச நாவப்பழத் தண்ணி."
குவார்ட்டருக்குப் பழகிய தொண்டை அது,
அவசரம் மட்டும்தான் தெரியும்.

நான் குடித்ததில்லை.
பீடத்தில் சாமியார் குடிப்பதைப் பார்த்ததோடு சரி.
ஆனால் மூக்கு இருக்கிறது எனக்கு.
மண்டபம் நண்டுக் கம்பெனியில் பதினோரு வருஷமாகக்
கடைசி மேசையில் நிற்கிறவள்.
உரித்த சதையை முகர்ந்து,
ஒரு துணுக்கை நாக்கில் வைத்து, துப்பி,
"போகலாம்", "போகாது"
இந்த இரண்டு சொல்லுக்குத்தான் சம்பளம்.

எவர்சில்வர் டம்ளரில் எஃகு வாடைதான் வந்தது.
ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி அதில் ஊற்றினேன்.
அப்புறம் வந்தது
மழைக்கு மறுநாள் நாவல் மரத்தடி,
புது மர அலமாரியின் உள்பக்கம்,
எங்கோ தூரத்தில் கருப்பட்டி இறக்கிய சட்டி.
வாயில் வைத்ததும் ஈறு இறுகியது.
துவர்ப்பு.
வாழைப்பூ நறுக்கிய விரலைத் தெரியாமல் நக்கினால் வருமே, அது.

"சோத்தோட குடிக்கணும் மதினி" என்றான் சலேத்.
ஊளிக் குழம்பில் பன்னிரண்டு முண்டு மிளகாய்.
ஒரு வாய் சோறு, ஒரு மிடறு.
குழாயடிச் சண்டைதான்.
மிளகாயின் தீயை ஒயின் ஊதிவிட்டது.
ஒயினை மீன் பழிவாங்கியது:
ஆணியைக் கடித்த மாதிரி ஒரு ருசி.
போகாது.
நெத்திலிக் கருவாடு, போகாது.
கருப்பட்டித் துண்டு கடித்தேன், ஒயின் காடியானது.
கத்தரிக்காய் வதக்கல் பரவாயில்லை,
ஆனால் இரண்டுக்கும் பேசிக்கொள்ள விஷயமில்லை.

நாளைக்கென்று வைத்திருந்த கணவாயை எடுத்தேன்.
நாட்டுப்படகில் வந்தது, நாலே நாலு.
"மையைக் கழுவாதீங்க" என்றான்,
அங்கே அதையும் தின்பார்களாம்.
மசாலா இல்லை, உப்பு மட்டும்.
பனமட்டைத் தணலில் ஓரம் கருகும்வரை.

ஒரு கடி. ஒரு மிடறு.
கரியும் மையும் உப்பும் இருந்த இடத்தில்
துவர்ப்பு வந்து
செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தது.
யாரும் பேசவில்லை.
வீட்டுக்காரர் இரண்டாவது டம்ளரை மெதுவாகக் குடித்தார்.
கல்யாணமாகிப் பதினாறு வருஷம்,
அவர் மெதுவாகக் குடித்து நான் பார்த்ததில்லை.

"அங்க ருசி பாக்குறவங்க குடிக்க மாட்டாங்க மதினி.
வாயில சுத்திட்டு வாளியில துப்பிருவாங்க.
அதுக்குத்தான் சம்பளம்."

எனக்குச் சிரிப்பு வந்தது.
என் மேசைக்கடியிலும் இருக்கிறது, பச்சை வாளி.
நாளைக்கு முந்நூறு டப்பா,
ஒரு துணுக்கும் தொண்டை தாண்டியதில்லை.
அந்த ஊரில் வாளிக்குக் குனிகிற ஒருத்தி,
அவளுக்கும் சாயங்காலம் நாக்கு மரத்துப் போகுமா?
அடுப்பில் கொதிப்பதை நீட்டி
உப்புப் போதுமா என்று
வீட்டில் யாரையாவது கேட்பாளா?

கடைசி மிடறை வாயிலேயே வைத்திருந்தேன்.
வாசல் பக்கம்தான். துப்பலாம்.
விழுங்கினேன்.

ராத்திரி பதினொன்றுக்குத் தண்ணீர் லாரி வந்தது.
குடத்தோடு நின்ற எஸ்கலின்
செல்போன் வெளிச்சத்தை என் முகத்தில் அடித்து,
"என்னடி, பல்லெல்லாம் ஊதா?
நாவப்பழமா?"
ஆமாம் என்றேன்.

நாவலுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கிறது.