இடமிருந்து வலம்

பள்ளியில் மொத்தம் பத்தொன்பது பேர்,
ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும்.
பனிப்புயல் நாளில் நாலு பேர்,
அதில் ஒருவர் ஆசிரியர்.

ஆண்டுமலருக்குப் படம் எடுப்பது நான்.
எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போன அண்ணன்
கேமராவை விட்டுப் போயிருந்தான்.
அவ்வளவுதான் தகுதி.

செப்டம்பரில் சேர்ந்திசைக் குழு.
இடமிருந்து வலம்: ஒக்சானா, டெல்வின், மார்னி,
ரெம்பெல் வீட்டு இரட்டையர், பின்னால் குதிகாலை உயர்த்தியபடி கோர்டன்.
"அசையாதீங்க" என்றேன்.
அடுத்து மாணவர் மன்றம். அதே ஆட்கள்,
கழுத்துப்பட்டையை மட்டும் கழற்றினார்கள்.
அடுத்து அறிவியல் கழகம்.
இருக்கிற ஒரே வெள்ளை அங்கியை
யார் போடுவதென்று சீட்டுக் குலுக்கினோம்.
நாடகக் குழுவுக்கு ஒட்டுமீசை வைத்தோம்.
ஒக்சானாவின் மீசை காற்றில் பறந்து
அறுத்த கோதுமைக்குள் போய்விட்டது,
தேடவில்லை.

சதுரங்கக் கழகத்தில் இரண்டே பேர்.
ஆகஸ்டிலிருந்து அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை,
காய் நகர்த்துவதோடு சரி.

இயற்பியல் சொல்லித்தரும் ஹால்வர்சன்தான்
பேருந்தையும் ஓட்டுகிறார்.
படியில் கால் வைக்கும்போதே
வீட்டுப்பாடம் எங்கே என்பார்.
நாற்பது கிலோமீட்டர், நேர்கோடாய்ச் சரளைச் சாலை,
தானியக் கிடங்கு ஒன்றே ஒன்று
நெடுநேரம் வந்துகொண்டே இருக்கும்.
பொய் சொல்ல நிறைய நேரம்,
ஒளிய இடமில்லை.

அக்டோபரில் மார்னி வீட்டு ஏலம்.
டிராக்டர், விதைக்கும் எந்திரம், களஞ்சியத்து ஏணி,
அவள் அம்மாவின் உறைபெட்டி, உள்ளேயிருந்த இறைச்சியோடு.
எங்கள் அப்பா ஏணியை எடுத்தார்.
அன்றைக்கு நான் கேமரா கொண்டுபோகவில்லை.
கொண்டுபோயிருந்தாலும்.

அவளுடைய ஏழாம் எண் பெட்டி
திங்களன்று திறந்தே கிடந்தது,
உள்ளே முழங்கால் உறை ஒன்று. ஜோடியில் மற்றது இல்லை.
சாஸ்கடூனில் அவள் சேர்ந்த பள்ளியில்
ஆயிரத்து இருநூறு பேராம்.
"இங்கே ஒரு படத்திலும் நான் இல்லை" என்று எழுதியிருந்தாள்,
பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்று போட்டு.
அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

வாலிபாலுக்கு ஆறு பேர் வேண்டும்.
எங்களிடம் ஐந்து பேரும் ஒரு கேமராவும்.

நவம்பர் ஒன்பது, வெளியே கழித்தல் பதினெட்டு.
மதியம் சூப் ஊற்றிய அதே கூடத்தில்
மேசைகளைச் சுவரோரம் தள்ளி வலை கட்டினார்கள்.
வெங்காய வாசனை இன்னும் போகவில்லை.
ஒக்சானா என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
கழுத்திலிருந்து பட்டையைக் கழற்றி
கேமராவை ஹால்வர்சன் மடியில் வைத்தேன்.
மார்னியின் உறை ஒரு காலுக்குத்தான்,
இடது முழங்காலைக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

இருபத்தைந்துக்கு ஒன்பது. அடுத்ததிலும் ஏறக்குறைய அதேதான்.
என் கைக்கு வந்த பந்தெல்லாம்
வலையைத் தவிர எல்லா இடத்துக்கும் போயிற்று,
ஒன்று கடிகாரத்தில் பட்டு
மணி நாலேகாலில் நின்றுவிட்டது.
ஒரே ஒரு சர்வீஸ் மட்டும் எப்படியோ தாண்டி
அவர்கள் ஆறு பேருக்கும் நடுவே,
எடுக்க யாருமில்லாமல்
தரையில் விழுந்தது.
அந்தச் சத்தம்!
கூடத்தில் இருந்த பதினாறு பேரும் எழுந்துவிட்டார்கள்,
எதிரணிப் பேருந்தின் ஓட்டுநர் உட்பட.

ஹால்வர்சன் படம் எடுக்கவில்லை.
மூடியைத் திறக்கத் தெரியவில்லை என்றார்,
அணுவைப் பிளப்பதுபற்றி ஒரு மாதம் எடுத்த மனுஷர்.

மார்ச்சில் அச்சகத்திலிருந்து அழைத்தார்கள்:
பதினாலாம் பக்கத்தில் படமே இல்லையே,
விளக்கம் மட்டும் இருக்கிறதே, தவறா?
இல்லை, அப்படியே போடுங்கள் என்றேன்.

இப்போது எல்லார் வீட்டிலும் அந்தப் பக்கம் இருக்கிறது.
ஒரு வெள்ளைச் சதுரம், அதன் கீழே
இடமிருந்து வலமாக ஏழு பேர்.
மார்னியையும் சேர்த்தேன்.
என் பெயரில் ஓர் எழுத்துப்பிழை.