அளவுகோல் பிடிப்பவன்

ஐஃபெல் மலைச்சரிவில்
இந்த ஓடைக்குப் பெயர் இரண்டு.
வடகரையில் க்ராஸ்பாக், தென்கரையில் க்ரேஸ்பாக்.
ஓர் உயிரெழுத்துக்காக
முன்பெல்லாம் மண்டைகள் உடைந்தனவாம்.
இப்போது தீயணைப்பு வண்டிகளில் மட்டும்
அவரவர் எழுத்து.

அகலம்: ஒரு கன்றுக்குட்டி
யோசிக்காமல் தாண்டும்.
ஆழம்: என் ரப்பர் பூட்ஸில் பாதி.

ஜூலையில் ஒரு ராத்திரி
மழையோடு மழையாகப்
புரண்டு படுத்தது.
விடிந்தால்
வால்ட்ராவுட் ஹென்கெஸின் ப்ளம் மரம்
தென்கரையில் நிற்கிறது,
ஓரடியும் நகராமல்.

ஊர் இரண்டுபட்டால்
நில அளவைக்காரருக்கு ஓவர்டைம்.
கரையில் முக்காலி வைத்து
ஒற்றைக் கண்ணால் பார்ப்பவள் கொரின்னா.
சிவப்பு வெள்ளைக் கோலை ஏந்தி
நடு ஓடையில் நிற்பவன் நான்.
என் வலது காலுக்குச் செவ்வாயன்று குப்பை வண்டி,
இடது காலுக்கு வியாழன்.

மெல்ல மெல்ல நகர்ந்தால்
எல்லையும் கூடவே போகுமாம்,
ஒரே ராத்திரியில் தாவினால்
எல்லை பழைய இடத்திலேயே நிற்குமாம்.
சாண்ட்விச் மென்றபடி கொரின்னா சொன்னாள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
தாவி வந்தவர்களுக்கு
எல்லை எங்கே நிற்கிறதென்று
தெரியும்.

செப்டம்பர். பழம் கருநீலத்தில் கனிந்து
தானாக உதிர்கிறது.
வால்ட்ராவுட் அலுமினிய ஏணியோடு
தண்ணீரில் இறங்கி வருகிறாள்.
தென்கரை கிஸ்பெர்ட்
கோப்புறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு
வேலியோரம் நிற்கிறார்.
உள்ளே 1823-இன் வரைபடம், வக்கீல் கடிதம்,
மூன்று வாரமாய் எண்ணிவைத்த
உதிர்ந்த பழங்களின் கணக்கு.

ஏணி ஈர மண்ணில் ஒரு பக்கம் அமிழ்ந்தது.
கிஸ்பெர்ட் கோப்புறையைப் புல்லில் போட்டார்.
ஏணியைப் பிடித்தார்.
பிடித்தபடியே திட்டினார்.
மேலிருந்து அவளும் திட்டினாள்.
அந்தத் திட்டில் அவள் க்ராஸ்பாக் என்றாள்,
அவர் க்ரேஸ்பாக் என்றார்.
வாளி நிறைந்தது.

ஒரு பழம் என் பக்கம் பறந்து வந்தது.
யார் எறிந்தார்களோ.
கோலை விடாமல் ஒரு கையால் பிடித்து
வாயில் போட்டேன்.
தோல் புளிப்பு. உள்ளே வெயில்.

'அசைந்துவிட்டது, மறுபடி!' என்கிறாள் கொரின்னா.

நிமிர்ந்து நிற்கிறேன்.
ரசமட்டத்தின் குமிழி
தயங்கித் தயங்கி நடுவுக்கு வருகிறது.
கன்னத்தில் கொட்டை.
எந்தக் கரையில் துப்புவது?