நீலத் தார்ப்பாய்க்கு வழி

இங்கேயே இறங்கிவிடாதீர்கள்.
லா சேஹா முனை தாண்டட்டும்.
ஞாயிறு, அதிகாலை ஐந்து மணி, எல் ஆல்ட்டோ;
மூச்சே கூலி கேட்கும் உயரம் இது.
டயர் கடைக்கும் பூட்டிய பல் மருத்துவமனைக்கும் நடுவில்
நீலத் தார்ப்பாய் ஒன்று தெரியும்.
பெயர்ப்பலகை இருக்காது. ஆவி இருக்கும்.

ஃப்ரிக்காசே அங்கேதான்.
கீழே நகரத்திலும் கிடைக்கும்,
மேஜைவிரிப்போடு, இரண்டு மடங்கு விலையில்.
பன்றிக்கறி, மஞ்சள் மிளகாய், சீரகம்,
பூண்டை அவள் கல்லில்தான் நசுக்குவாள்.
இந்த உயரத்தில் தண்ணீர் அவசரப்பட்டுக் கொதித்துவிடும்,
கறி அவசரப்படாது.
அதனால் சனிக்கிழமை இருட்டியதுமே பானை ஏறிவிட வேண்டும்.
நடுநிசியில் எழுந்து
எரிவாயு உருளையை மாற்ற ஓர் ஆள் வேண்டும்.
அந்த ஆள் இப்போது யாரோ, எனக்குத் தெரியாது.

கிண்ணம் வந்ததும் மேலே மிதப்பதை நம்பாதீர்கள்.
அடியில் கிடக்கும் வெள்ளைச் சோளம், மணி வெடித்து.
கூடவே சுன்யோ:
பனியில் பரப்பி, காலால் மிதித்து, வெயிலில் காயவைத்த
கறுத்த உருளைக்கிழங்கு.
பார்த்தால் கூழாங்கல்.
குழம்பைக் குடித்ததும் அதற்கு மனசு இளகிவிடும்.
எல்லாருக்கும் அப்படி இளகுவதில்லை.

பெஞ்சில் இடம் தேடாதீர்கள், தள்ளி உட்கார்வார்கள்.
இரவுக் காவலர்கள், கல்யாணத்தில் ட்ரம்பெட் ஊதி உதடு வீங்கியவர்கள்,
செருப்பைக் கையில் பிடித்தபடி ஒரு பெண்.
யாரும் பேசமாட்டார்கள். மூக்கு ஒழுகும்.
ஒழுகட்டும்.

ஒன்று.
அவள் பெயர் கசிமிரா. "எந்தத் துண்டு?" என்பாள்.
"தோலோடு, வால் பக்கத்து எலும்பு" என்று கேளுங்கள்.
நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

போன மாதம் ஒருவர் திரும்பும்போதும் என் வண்டியிலேயே ஏறினார்.
பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்:
"கேட்டதும் அந்தம்மா கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டாள்.
ஊரிலேயே இப்படிக் கேட்கிறவன் ஒருத்தன்தானாம்.
அப்புறம் ஒரு சுன்யோ கூடப் போட்டாள்.
அதற்குக் காசு வாங்கவில்லை."

அன்று முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டினேன்.
உள்பக்கம் ஆவி படிந்திருந்தது.
நான்கு வருஷமாக அந்தப் பக்கம் வண்டியை நிறுத்துகிறேன்,
எஞ்சினை அணைப்பதில்லை.

இதோ, தார்ப்பாய். இறங்குங்கள். பார்த்து, படி வழுக்கும்.
சில்லறை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன்.
சாப்பிட்டுவிட்டு டயர் கடை ஓரமாக நில்லுங்கள்,
ஏழு மணிக்கு நான் கீழே இறங்குவேன்.

எத்தனை போட்டாள் என்று மட்டும்
சொல்லிவிட்டுப் போங்கள்.