நாளைக்கு நாற்பது ரூபாய்

முந்நூற்றுப் பத்து ரூபாய், ஒரு நாளைக்கு.
டீசலுக்கு இல்லை, ஐஸுக்கு இல்லை.
என் நெத்திலியின் படத்தை
யார் யாரோ கட்டைவிரலால்
மேலே தள்ளிவிட்டுப் போவதற்கு.

வலை மாதிரிதான் அக்கா, என்றான்
ராமநாதபுரத்தில் விளம்பரம் போட்டுத் தரும் பையன்.
வலைக்கு ஒருமுறைதான் காசு, தம்பி.
கிழிந்தால் தைத்துக்கொள்வோம்.
இது ஒவ்வொரு வீச்சுக்கும் கூலி கேட்கிறது,
பட்டாலும் படாவிட்டாலும்.

ரெக்சன் தூங்கிய பிறகு
காலண்டர் தாளின் முதுகில் கணக்குப் போட்டேன்.
போனது ஒன்பதாயிரத்து முந்நூறு.
விற்றது நாற்பத்தியொரு பொட்டலம்.
வகுத்தால் ஒன்றுக்கு இருநூற்று இருபத்தேழு.
அரைக்கிலோவில் எனக்கு நிற்பதோ தொண்ணூறு.
மறுபடி வகுத்தேன்.
எங்காவது பிழை இருந்தால் தேவலாம் என்றிருந்தது.

யார் யார் பார்த்தார்கள் என்று
கேட்டால் அதுவே சொல்கிறது.
நான் கேட்டதில்லை, அவ்வளவுதான்.
ராத்திரி இரண்டு மணிக்கு மட்டும் அறுபது ரூபாய்.
அந்நேரத்தில் யாருக்குக் கருவாடு?
லூதியானாவில் ஒருவர்.
ஹாய் என்று மட்டும் எழுதிய எழுபது பேர்.
அப்புறம் தூத்துக்குடிக்காரர்கள், நிறைய.
தூத்துக்குடிக்கே கருவாடு விற்கப் பார்த்திருக்கிறேன்!

அதைவிடக் கொடுமை தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் கயிற்றில் கிடந்து
ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்த சித்திரை முழுக்க
பாம்பனில் என் விளம்பரம் மட்டும்
தொழிலுக்குப் போய்வந்தது.
தீர்ந்துபோன சூடைக்கு ஆள் பிடித்துவந்து
வாசலில் நிறுத்தியது.
இல்லை, இல்லைங்க, இப்போ இல்லை என்று
நான் எழுதிய ஒவ்வொரு பதிலுக்கும்
நானே காசு கட்டினேன்.

முதலில் ராத்திரியை நிறுத்தினேன்.
பிறகு கடல் இருக்கிற ஊருக்கெல்லாம் கோடு போட்டேன்.
மிஞ்சியது திருப்பூர், கரூர், ஓசூர்:
நல்ல கருவாட்டுக்கு நாக்கு ஊறும் மேட்டு நிலம்.
விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனவர்களுக்கு
இன்னொரு தரம் காட்டச் சொன்னேன்.

அப்படிப் பழசைக் கிளறும்போதுதான் கண்ணில் பட்டது,
ஓசூர் கனகவல்லி மூன்று மாதம் முன்பு கேட்டது.
மணல் இருக்குமா?
பதில் போடவில்லை நான்.
அப்போது புது விளம்பரத்துக்குப்
படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தெற்குவாடியில்
ரெக்சனின் கல்யாண வேட்டியை விரித்து
கால் கிலோ நெத்திலியைக் கொட்டி
உதறிக் காட்டினேன்.
நான்கு மணல், கொஞ்சம் செதிள்.
நான்கையும் மறைக்கவில்லை.
கச்சான் இரைச்சலில்
நான் பேசியது பாதி கேட்கவே இல்லை.
செலவு: வேட்டி துவைத்த சோப்பு.
ரெக்சன் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை,
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கனகவல்லி அதைத்
தன் அடுக்குமாடிக் குழுவில் போட்டுவிட்டார்.
பதினொரு வீடு, ஒரே முகவரி.
வாசம் வந்தால் திருப்பிவிடுவேன் என்று
கூரியர்காரர் மிரட்டியதால்
மூன்று சுற்றுக் கவர், அதற்கு மேல் ஒரு சாக்கு.

இப்போது நாளைக்கு நாற்பது ரூபாய்.
அதையும் நிறுத்தேன் என்கிறார் ரெக்சன்.
கடை இருக்கிறதா மூடியாச்சா என்று தெரிய
ஒரு பல்பாவது எரிய வேண்டாமா?

காரலுக்கு உப்புப் போடும்போது போன் ஒளிர்கிறது.
உங்கள் பதிவு நன்றாகப் போகிறது,
ஐந்நூறு ரூபாயில் பதினாலாயிரம் பேர்.
அழுத்தத்தான் போனேன்.
உண்மையைச் சொன்னால், அழுத்தினேன், இரண்டு தரம்.
உப்பும் ஈரமும் அப்பிய விரலை
அதற்கு அடையாளம் தெரியவில்லை.

கை கழுவ எழுந்தால் காக்கா இறங்கும்.
இருக்கட்டும்.