இரவில் ஒன்று

போத்தலின் ஒட்டுத்தாளில்
இரவில் ஒன்று என்றிருந்தது.
எனக்கு எது இரவு என்று
அதில் இல்லை.

பின்னேரம் ஏழுக்கு பஸ் ஏறி
விடியும்வரை பாண் பெட்டிகளை அடுக்கி
வினிபெக்கின் மைனஸ் முப்பதில்
இமைமயிர் உறைய வீடு வந்து
எட்டரைக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டால்
அதுதான் என் சாமம்.
வெளியே பள்ளிக்கூட பஸ்
பிள்ளைகளுக்காக நின்று இரையும்.

முதல் கிழமை
வேலையில் தேத்தண்ணி நேரம் விழுங்கினேன்.
அடுத்த கிழமை படுக்கப்போகையில்.
இரண்டிலும் மறந்துபோன ஒரு வியாழனுக்கு
வெள்ளியன்று இரண்டாகப் போட்டுக்
கணக்கை நேராக்கினேன்,
சீட்டுக்காசு கட்டுகிற மாதிரி.

மரிசெல் சிரிக்கவில்லை.
அவளுக்கு உயரம் காணாது,
மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால்
ஒரு பலகைமேல் நிற்பாள்.
"நீ படுக்கிற நேரம்தான் இரவு.
அதை மாற்றாதே.
விட்டது விட்டதுதான்,
அடுத்ததோடு சேர்க்காதே."
இருவருக்கும் இரண்டாம் மொழியான ஆங்கிலத்தில் சொன்னாள்.
ஆகவே ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

தலையிடிக்குப் போட்டால் தலையிடி போகும்.
இதைப் போட்டால்
ஒன்றும் போகாது, ஒன்றும் வராது.
வராமலிருக்கத்தான் காசு கொடுக்கிறேன்.
அண்ணன் நாற்பத்தாறில்
காரை ஓரமாக நிறுத்தி
இண்டிகேட்டரையும் போட்டுவிட்டுப் போனவர்.

மாசியில் இருமல்.
வோக்-இன் கிளினிக் டொக்டர்
வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்றார்.
ஒன்றுமில்லை என்றேன்.
பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை;
கொழுப்புக் குளிசை எனக்குப்
பல்லுத் தீட்டுகிற மாதிரி ஆகிவிட்டிருந்தது.
அவர் எழுதிய அன்டிபயோடிக்கைப்
பக்கத்திலிருந்த வேறு கடையில் வாங்கினேன்.

நாலாம் நாள்
மாவென்று நினைத்து யாரோ
தொடை இரண்டையும் பிசைந்துவிட்ட மாதிரி.
முதல்நாள் வாசலில் பனி அள்ளியிருந்தேன்,
பழியை அதன்மேல் போட்டேன்.
பிறகு பனி பெய்யவில்லை.
நோ மட்டும் இருந்தது.
படியில் கைபிடியைப் பிடித்து ஏறினேன்.

வட்ஸ்அப்பில் மச்சாள் ராசமலர்:
"அந்தக் குளிசையை இன்றைக்கே எறி,
வெந்தயம் ஊறப்போட்டுக் குடி."
போத்தல் நீலப் பெட்டிக்கு, குளிசை குப்பைக்கு
என்று பிரிக்க நின்றேன்.
அழுத்தித் திருப்பினால்தான் அந்த மூடி திறக்கும்.
அன்றைக்குத் திறக்கவில்லை.
அதனால்தான் போனை எடுத்தேன்,
புத்தியால் அல்ல.

"மூத்திரம் என்ன நிறம்?"
ஐம்பத்து மூன்று வயதுவரை
ஒருத்தரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.
வழமைபோலத்தான் என்றேன்.
"வெறும் தேத்தண்ணி நிறமானால்
என்னைக் கூப்பிடாதே, நேரே எமேர்ஜென்சிக்குப் போ.
இப்போது சொல்,
புதிதாக என்ன விழுங்கினாய்?"

மேசையில் கிடந்த பெட்டியை
எழுத்துக் கூட்டி வாசித்தேன்.
அந்தப் பக்கம்
விசைகள் தட்டுகிற சத்தம் நின்றது.
"அது உள்ளே இருக்கும்வரை
உன் குளிசை வெளியே போகாது.
நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே இருக்கும்.
கிரேப்ஃப்ரூட் சாப்பிடுகிறாயா?"
அந்தக் கசப்பை யார் சாப்பிடுவது என்றேன்.
அப்போதுதான் சிரித்தாள்.

டொக்டரோடு பேசி
அரை மணியில் திரும்ப எடுத்தாள்.
இருமல் மருந்து முடியும்வரை
கொழுப்புக் குளிசைக்கு லீவு,
நாளைக்கு இரத்தச் சோதனை,
அது சரியென்றால் மறுபடி தொடங்கலாம்.
எப்போது என்று அவளே சொல்வாளாம்.
மச்சாளிடம் நிறுத்திவிட்டேன் என்றும் சொல்லமுடியாது,
நிறுத்தவில்லை என்றும் சொல்லமுடியாது.
வெந்தயம் நல்லாயிருக்கு என்றேன்.

பங்குனி பிறந்து
கால் லேசாகிப் படியேறுகிறது.
மூடியும் திறக்கிறது.
பர்சில், பஸ் கார்டுக்குப் பின்னால்
மரிசெல் எழுதித்தந்த துண்டு:
நான் எடுக்கும் மருந்துகளின் பெயர், அளவு,
எந்தக் கிளினிக்கிலும் முதலில் நீட்டுவதற்கு.
அதன் அடியில்
என் கையெழுத்தில், தமிழில்:

இரவு என்றால்
காலை எட்டரை.