பதினான்கு வெல்லம்

அறிவியல் நகரில் ஐப்பசி.
பச்சைவீட்டுப் பொலித்தீனில் மழை
சாக்கு அவிழ்த்த நெல்லாய்க் கொட்டுகிறது.
இடப்பக்கத் தட்டில் மொட்டைக்கறுப்பன்.
வலப்பக்கத்திலும் அதுவே,
ஒரு நொதியத்தின் ஒரு துண்டு மட்டும் பழுது.

சுகிர்தமலர் மட்டம் எண்ணுகிறாள்.
எட்டு, ஒன்பது, எட்டு.
வலப்பக்கம் இரண்டு, ஒன்று, செத்தது, இரண்டு.
உப்புத்தண்ணீர் விட்டு ஆறாம் நாள்.

"அப்ப அது என்னதான் செய்யிறது?"

புரதம் நூலாய் இறங்கும்போதே
அது வாசித்துக்கொண்டிருக்கும் என்றேன்.
அஸ்பரஜின்,
அடுத்து எதுவும் வரலாம், புரோலின் மட்டும் ஆகாது,
அதற்கடுத்து செரின், இல்லாவிட்டால் திரியோனின்.
கண்ட இடத்தில் ஒரு கொப்பை நடும்.
முன்கூட்டியே கட்டிவைத்த கொப்பு,
பதினான்கு வெல்லம்.

சிரித்தாள்.
மாங்குளத்துப் பற்றைக்குள்
ஆறு வருடம் முழந்தாளில் நகர்ந்தவள்.
கருவி கத்திய இடமெல்லாம் சிவப்புத்தலைத் தடி.
"நானும் உந்த வேலைதான் செய்தனான்.
நான் நட்டால் ஒருத்தரும் கிட்ட வரேலாது.
உது நட்டால்?"

நட்டால், மடிப்பு சரியா என்று பார்க்க ஆள் வரும்.
நுனியில் மூன்று குளுக்கோசு, ஒவ்வொன்றாய்க் கழரும்.
பிழையாய் மடிந்திருந்தால்
இன்னொரு நொதியம் ஒன்றைத் திரும்ப ஒட்டி அனுப்பும்,
போய் மறுபடி மடி என்று.

"எத்தினை தரம்?"

கணக்கில்லை.
ஆனால் பக்கத்தில் வேறொன்று
மனோசை மெல்ல மெல்லக் கடித்துக்கொண்டிருக்கும்.
அது கடித்து முடிக்கும்வரை.

ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தாள்.
"செட்டிகுளத்தில எனக்குத் தந்த அட்டையில
பேர் பிழை. சுகிதமலர்.
மூண்டு தரம் திருத்தக் குடுத்தனான்.
இப்பவும் சுகிதமலருக்குத்தான் சம்பளம் வருது."

அதற்குப் பாடப்புத்தகத்தில் ஒன்றுமில்லை.

கரண்ட் போனது.
குளிர்பெட்டி ஒருமுறை இருமி அடங்கியது.
உள்ளே நான் மூன்று கிழமையாய்ப் பிரித்தெடுத்த புரதம்,
சூடேறினால் கண்டபடி மடிந்துவிடும்,
ஒட்டிவிட அங்கே ஒருவருமில்லை.
ஜெனரேட்டர்க்காரருக்கு அடித்தேன்; எடுக்கவில்லை.

போன் வெளிச்சத்தில் அவள் குனிந்தபடியே இருந்தாள்.
"நாலாவது ரெண்டில்லை, மூண்டு.
அடியில ஒண்டு கிடக்கு, அரிசி மூக்களவு.
அழிச்சு எழுதுங்கோ."
அழித்து எழுதினேன்.

பல்லுக்குச்சி நுனியில் சிவப்பு நகப்பூச்சுத் தொட்டு
ஊதி, காயவைத்து,
அந்த நாற்றின் பக்கத்தில்
வேர் தவிர்த்து நட்டாள்.