திருடனுக்கான பர்ஸ்

நில்டா சோக்கே
நிஜ அட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டாள்.
அடிக்கு அடி அது குதிகாலைக் கடித்தது.
கடிக்கட்டும்,
இருக்கிறதென்று தெரிகிறதே.

கைப்பையில் திருடனுக்கென்று தனிப் பர்ஸ்:
எப்போதோ காலாவதியான அட்டை,
கொஞ்சம் சில்லறை, மருந்துக்கடை ரசீது.

எல் ஆல்டோவில், மினிபஸ் நெரிசலில்
ஒருவன் தோளில் மோதி மன்னிப்புக் கேட்டான்.
நல்ல குரல்.
பை லேசானது.

சிரித்தேவிட்டாள்.
பக்கத்து இருக்கைக்காரியிடம்
காலைத் தட்டிக் காட்டாத குறைதான்.

இறங்கும்போதுதான் உறைத்தது:
பழைய அட்டையின் முதுகில்
வியர்வையில் ஒட்டிப்போயிருந்த படம்,
சுரங்கத் தொப்பியோடு ரொலாண்டோ,
கண்ணை மூடியபடி.
வேறு பிரதி இல்லை.

வங்கியின் எண் மனப்பாடம்.
அழைத்தாள்.

"எந்த அட்டையை முடக்க வேண்டும், சென்யோரா?"

லாரிகள் போய்க்கொண்டிருந்தன.
குதிகால் எரிந்தது.